கருணைக்கு மூன்று சுழி

பிப்ரவரி 3, செவ்வாய்

காலை வகுப்புக்கு வந்த வங்கி அதிகாரி ரிவர்ஸ் எடுக்கும்போதெல்லாம் “போகலாமா, போகலாமா” என்று என்னைக் கேட்கிறார். பின்னால் இருக்கிற சுவரைக் கேளுங்கள் என்று சொல்ல நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டேன். கார் ஓட்டச் சொல்லித்தருகிறவளுக்குப் பிரேக் காலில் இருந்தால் போதாது, வாயிலும் இருக்க வேண்டும்.

மாலை சைக்கிள் கடை மாடியில் எங்கள் மனிதநேய வட்டக் கூட்டம். நூலகத் தோட்டத்தைச் சீர்செய்வது பற்றிப் பேசத்தான் கூடினோம். நான் வேன் விஷயத்தை எடுத்தேன். ஊர்ச் சர்வமத மன்றத்துக்கு ஒரு வேன் இருக்கிறது. டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களை வீட்டில் ஏற்றி ஆஸ்பத்திரியில் விட்டு, முடிந்ததும் திரும்பக் கொண்டுவரும். ஓட்டிக்கொண்டிருந்தவருக்குக் கண் மங்கிவிட்டது. இனி ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேன் கோயில் வாசலில் தூசு மூடி நிற்கிறது. போகவேண்டியவர்கள் அக்கம்பக்கத்தாரைக் கெஞ்சிக்கொண்டிருக்கிறார்கள். நம்மில் ஓட்டத் தெரிந்தவர்கள் முறைவைத்து ஓட்டினால் என்ன என்று கேட்டேன்.

கரண்ட்காரர் எழுந்துவிட்டார். மின்கம்பம் ஏறுகிற வேலை அவருக்கு. கடவுள் இல்லை என்கிற எங்கள் வட்டத்தின் கொள்கைக்குக் காவலும் அவர்தான். அந்த வேனின் பக்கவாட்டில் ‘இறைவனின் கருணையால்’ என்று ஆளுயரத்துக்கு எழுதியிருக்கிறது, யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டார்.

“ஓட்டுறது நானு, பேரு அவருக்கா?”

எல்லோரும் சிரித்துவிட்டோம். அவரும்தான். ஆனால் மற்றவர்கள் கை தூக்கியபோது அவர் கை மட்டும் மடியிலேயே இருந்தது.

பிப்ரவரி 6, வெள்ளி

மன்றத்துக்குப் போய் வந்தேன். சர்ச் பின்கட்டு அறை. ஒரு கால் ஆடுகிற மேசை, அதன் அடியில் மடித்துவைத்த அட்டை. தலைவர் இமாம், மெலிந்த, சிரித்த முகம். வேனுக்கு ஆள் தருகிறோம் என்றதும் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். வேலை செய்கிறவர்களை வாசலில் நிற்கவைத்தால் நன்றாயிராது, உங்கள் வட்டத்தையும் உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ளலாமே என்று அவராகவே ஆரம்பித்தார். கோயில் குருக்களும் தலையாட்டினார்.

செயலாளர் சிஸ்டர் ஆட்டவில்லை. கன்னியாஸ்திரி மடத்துத் தலைவி. அறுபதை நெருங்குகிறவர், மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிறபோது நாம் ஏதோ வீட்டுப்பாடம் செய்யாமல் வந்துவிட்டது போலத் தோன்றும்.

“கடவுளே இல்லைங்கிறவங்களுக்குச் சர்வமத மன்றத்துல என்ன நாற்காலி? அப்புறம் சைவச் சாப்பாட்டுச் சங்கத்துல கசாப்புக்கடைக்காரர் வந்து உட்காருவார்.”

சொன்ன விதத்தில் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. கோபம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் வந்தது. முடிவு: வேனை ஓட்டலாம், தற்காலிகமாக. நாற்காலி விஷயம் பிறகு.

இவரிடம் சொன்னேன். என் வீட்டுக்காரர் காலையில் விளக்கேற்றிக் கும்பிடாமல் காப்பி குடிக்க மாட்டார். நான் கும்பிட மாட்டேன். ஒரே கூரைக்குக் கீழே இரண்டு கட்சி, இத்தனை காலமாகக் கூட்டணி ஆட்சி. “அந்தம்மா சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கு” என்றார். இன்றைக்கு அவருக்குத் தோசைக்கல்லைக் கழுவும் வேலை கொடுத்தேன்.

பிப்ரவரி 12, வியாழன்

வேனில் முதல் நாள். கிளட்ச் கல்லாக இருக்கிறது. ஆனால் வண்டி சொன்னபடி கேட்கிறது.

கடைசியாக ஏறுகிறவர் தையலம்மா. தனியாக இருக்கிறார், வாசலைத் திறந்தால் தையல் மெஷின்தான் முதலில் தெரியும், அதன் பின்னால்தான் மனுஷி. செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்தில் பாதி நாள் ஆஸ்பத்திரியில். உட்கார்ந்ததும் பிரார்த்தனையை ஆரம்பித்துவிடுகிறார். மெல்லிய குரல், ஒரே ராகம், ஆஸ்பத்திரி வாசல் வரை. நடுவில் நிறுத்தி, “ஏம்மா, உனக்குச் சாமி கிடையாதாமே? நான் சத்தமா சொல்றது தொந்தரவா இருக்கா?” என்றார். ஹார்ன் சத்தத்துக்கு இது எவ்வளவோ மேல் என்றேன். அப்படியானால் சரி என்று விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

பிப்ரவரி 19, வியாழன்

இதை எழுதாமல் தூக்கம் வராது.

மதியம் பயிற்சிப் பள்ளியில் சிஸ்டர் வந்து நிற்கிறார். கையில் குடை, பை, கற்றுக்கொள்கிறவருக்கான உரிமம், புத்தம் புதிதாக. ஊரில் பெண் சொல்லித்தரும் பள்ளி இது ஒன்றுதான் என்று அவர் விரும்பாமல் சொல்வது முகத்திலேயே தெரிந்தது. எதற்குக் கற்கிறீர்கள் என்று எல்லோரிடமும் கேட்பதுபோல் கேட்டேன்.

“நான் வேன் ஓட்டக் கத்துக்கிட்டா மன்றத்துக்கு உங்க ஆளுங்க தேவைப்பட மாட்டாங்க. அதுக்குத்தான். ஒளிவுமறைவு இல்லை.”

என் தலையில் நானே மண்ணைப் போட்டுக்கொள்ள அப்பாயின்ட்மென்ட் வாங்கியிருக்கிறார். “நல்லது சிஸ்டர். சீட்டைக் கொஞ்சம் முன்னால தள்ளிக்குங்க” என்றேன்.

வீட்டுக்கு வந்து சொன்னால், இவருக்குச் சிரிப்பு நிற்கவே இல்லை.

மார்ச் 2, திங்கள்

சாவியைத் திருப்புவதற்கு முன்னால் சிஸ்டர் ஜெபம் செய்கிறார். எனக்கு ஆட்சேபனை இல்லை. ஆனால் இன்று சந்திப்பில் திரும்புவதற்கு முன்னாலும் செய்தார். கண்ணை மூடிக்கொண்டு. என் பக்கத்து பிரேக்கை மிதித்தேன். கார் குலுங்கி நின்றது.

கண்ணைத் திறந்துகொண்டே ஜெபிக்க வழி உண்டா என்று எவ்வளவு மரியாதையாகக் கேட்க முடியுமோ அவ்வளவு மரியாதையாகக் கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். அதெல்லாம் பழகினால் வரும் என்றார்.

சிவப்பு விளக்கில் நிற்கும்போது திடீரென்று கேட்கிறார்: “செத்த பிறகு என்ன ஆகும்னு நினைக்கிறீங்க?”

“பச்சை விழுந்துடுச்சு சிஸ்டர்.”

மார்ச் 10, செவ்வாய்

ஆஸ்பத்திரி மேடு. சிக்னல் சரியாக ஏற்றத்தின் நடுவில் இருக்கிறது. நின்று மறுபடி எடுக்க வேண்டும். சிஸ்டர் எடுக்கிறார், கார் அணைகிறது, பின்னால் சரிகிறது, பின்னால் நிற்கிறவர்கள் ஊரையே கூட்டுகிறார்கள். இன்றும் அதே கதை. இறங்கும்போது கண் கலங்கியிருந்தது. நான் பார்க்கவில்லை என்பதுபோல் கண்ணாடியைத் துடைத்தேன்.

மார்ச் 11, புதன்

பிடிக்காத ஆளுக்கு நன்றாகச் சொல்லித்தர முடியுமா? முடிகிறது. அதுதான் ஆச்சரியம். நேற்று ராத்திரி படுத்துக்கொண்டு அந்த மேட்டை அவருக்கு எப்படிப் புரியவைப்பது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். நாற்காலி ஞாபகத்துக்கே வரவில்லை.

மார்ச் 21, சனி

கரண்ட்காரர் இன்று வேன் ஓட்டினார்!

நடந்தது இது. எங்களில் சனிக்கிழமை ஓட்டிவந்த பேக்கரிக்காரருக்குக் குழந்தை பிறந்துவிட்டது. ஆள் இல்லை. நான் யாரையும் கெஞ்சவில்லை, கூட்டத்தில் சும்மா சொல்லிவைத்தேன். விடிந்ததும் கரண்ட்காரர் கோயில் வாசலில் சாவிக்கு நிற்கிறார். குருக்களிடம், இது தையலம்மாவுக்காக, வேறு யாருக்காகவும் இல்லை என்று அறிக்கை வாசித்தாராம். குருக்கள், அவங்களுக்காகத்தான் நாங்களும் வேன் வச்சிருக்கோம் என்றாராம்.

மாலையில் எனக்குப் போன். குரலில் அப்படி ஒரு பதற்றம். என்னவோ ஏதோ என்று பயந்துவிட்டேன்.

“வேன்ல என்ன எழுதியிருக்குன்னு சரியா பார்த்திருக்கீங்களா? கருணைக்கு ரெண்டு சுழி ன போட்டிருக்காங்க. ‘கருனை’. ஊர் பூரா அப்படியே சுத்திக்கிட்டிருக்கு.”

நாளெல்லாம் அதுதான் அவரை அரித்திருக்கிறது. வாங்குகிற பத்திரிகையில் பிழை இருந்தால் சிவப்பு மையால் திருத்திவிட்டுப் படிக்கிற மனுஷர்.

மார்ச் 24, செவ்வாய்

வேனில் இப்போது மூன்று சுழி ண. வெள்ளைப் பெயின்ட், அளந்து எழுதினது போல. சுற்றியிருந்த மங்கிப்போன எழுத்துகளையும் புதுப்பித்திருக்கிறார். ஒன்று மட்டும் பளிச்சென்று இருந்தால் உறுத்துமாம். இமாம் இதைப் பார்த்து, கடவுளின் கருணையை எங்களைவிட நீங்கள் நன்றாக எழுதுகிறீர்கள் என்றாராம்.

“எழுத்தைத்தான் திருத்தினேன். கொள்கையை இல்லை” என்று கரண்ட்காரர் எங்கள் எல்லோரிடமும் தனித்தனியாகச் சொல்லிவிட்டார்.

ஏப்ரல் 8, புதன்

சிஸ்டர் தேர்வில் தோற்றார். மேட்டில்தான். பரீட்சை அதிகாரி இறங்கும்போது காலைக் கீழே வைத்துப் பூமி இருக்கிறதா என்று பார்த்தார்.

கொண்டுபோய் மடத்தில் விட்டேன். மடத்து வாசலில் இறங்காமல் உட்கார்ந்திருந்தார். சின்ன வயதில் மடத்தில் வேலை பழகியபோதுகூட இப்படி யாரிடமும் தோற்றதில்லை என்றார். பிறகு: “உங்களுக்குச் சந்தோஷமாத்தான் இருக்கும். வேன் உங்ககிட்டயே இருக்கும்.”

எனக்குச் சுருக்கென்றது. நான் சந்தோஷப்படவில்லை. படவில்லைதானே? இல்லை. என் மாணவி தோற்றால் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்காது, அது யாராக இருந்தாலும். அதைத்தான் சொன்னேன். சிஸ்டர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ரொம்ப நேரம் பார்த்தார்.

“நாளைக்கு எத்தனை மணிக்கு வரணும்?” என்றார்.

ஏப்ரல் 17, வெள்ளி

விடாத மழை. சைக்கிள் கடை மாடிப்படி வழுக்கி விழுந்தேன். இடது மணிக்கட்டு பந்தாக வீங்கிவிட்டது. எலும்பு முறியவில்லை, சுளுக்குத்தான். ஆனால் ஓட்டக்கூடாது என்று கட்டுப்போட்டு அனுப்பினார்கள். நேற்று தெருவில் தண்ணீர் தேங்கி வேன் தையலம்மா வீட்டுப் பக்கமே போக முடியவில்லை. நாளைக்கு எப்படியாவது போயாக வேண்டும். கரண்ட்காரர் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.

ஏப்ரல் 18, சனி

நல்லவேளை, எழுதுகிற கை தப்பித்தது. ஒன்றுவிடாமல் எழுதிவிடுகிறேன்.

பொழுது விடியும்போதே ஊரில் பாதி இருட்டு. மரங்கள் சாய்ந்து கம்பிகள் அறுந்துவிட்டன. கரண்ட்காரருக்கு அவசர அழைப்பு. எங்கோ ஒரு கம்பத்தின் மேல் இருக்கிறார். எங்களில் வேன் ஓட்டத் தெரிந்த இன்னொருவர் பேக்கரிக்காரர், அவர் மனைவியின் ஊரில். மற்ற நோயாளிகளை வீட்டார் எப்படியோ கொண்டுபோகிறார்கள். தனியாக இருக்கிற தையலம்மாவுக்குப் போன் போட்டால் இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்குகிறது. ஒரு முறை தவறிவிட்டது, இன்னொரு முறை தவறக்கூடாது. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டால் எல்லா வண்டியும் வெளியே, எப்போது வருமென்று சொல்ல முடியாது என்றார்கள். இவருக்கோ ஓட்டத் தெரியாது. கல்யாணமான புதிதில் ஒரு வாரம் சொல்லித்தந்தேன். மறுவாரம் தொடர்ந்திருந்தால் இன்றைக்கு நாங்கள் ஆளுக்கொரு வீட்டில் இருந்திருப்போம்.

நான் கையைப் பிடித்துக்கொண்டு கூடத்தில் நடந்தேன். அப்போது சிஸ்டர் போன் செய்தார். தையலம்மா அவரையும் கூப்பிட்டிருக்கிறார்.

“இன்னைக்கு யாரு ஓட்டுறாங்க?”

“யாருமில்லை சிஸ்டர்.”

போனில் குடையை விரிக்கிற சத்தம் கேட்டது.

“நீங்க பக்கத்துல உட்கார்ந்தா உங்க பயிற்சிக் காரை நான் ஓட்டலாம் இல்லையா? சட்டப்படி?”

“சட்டப்படி ஓட்டலாம்.”

“வந்துட்டேன்.”

முழங்கால் வரை நனைந்த வெள்ளை அங்கியோடு வந்தார். குடை எப்போதோ திரும்பிப் பூவாகிவிட்டிருந்தது. இவர் துண்டைக் கொடுத்தார். முகத்தை மட்டும் துடைத்துக்கொண்டு சீட்டை முன்னால் தள்ளினார். நான் சொல்லவில்லை, அவராகவே.

தையலம்மா தெருவில் தேங்கிய தண்ணீர் கார் போகிற அளவுக்கு வடிந்திருந்தது. அவரைப் பின் சீட்டில் சாய்த்து உட்காரவைத்தோம். முகம் வீங்கி, உதடு வெளுத்திருந்தது. சிஸ்டர் சாவியில் கை வைத்தார். வழக்கமாக ஜெபிக்கிற இடம். நான் காத்திருந்தேன். சிஸ்டர் கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்து, “இன்னைக்கு ஜெபத்தை நீங்க பார்த்துக்குங்க. நான் ரோட்டைப் பார்த்துக்கிறேன்” என்றார். தையலம்மா தலையாட்டினார். கார் கிளம்பியது.

தையலம்மா அவருடைய பிரார்த்தனையை ஆரம்பித்தார். சிஸ்டருடைய மதத்து ஜெபம் அல்ல அது. இரண்டு வரி வருவதற்குள் மூச்சு முட்டி நின்றுவிட்டது. மறுபடி முயன்றார். முடியவில்லை. நான் திரும்பி நல்ல கையைப் பின்னால் நீட்டினேன். கையைப் பிடித்துக்கொண்டு, “நீ சொல்லும்மா… உனக்குத்தான் தெரியுமே” என்றார்.

தெரியும். அத்தனை நாள் கேட்டுக் கேட்டு எனக்கு வரிக்கு வரி தெரியும்.

சொன்னேன். ராகமாக வரவில்லை, பாடம் ஒப்பிக்கிற மாதிரிதான் வந்தது. ஒரு இடத்தில் வார்த்தையை மாற்றிவிட்டேன். தையலம்மாவின் கை நெருக்கித் திருத்தியது. வைப்பர் அடித்துக்கொண்டே இருக்கிறது, கண்ணாடிக்கு வெளியே ஒன்றும் தெரியவில்லை, சிஸ்டர் கழுத்து நரம்பு புடைக்க முன்னால் குனிந்திருக்கிறார், நான் இல்லாத ஒருவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஆஸ்பத்திரி மேடு. சிவப்பு விளக்கு. தண்ணீர் ரோட்டில் ஆறு மாதிரி எங்களை நோக்கி இறங்குகிறது. பின்னால் ஒரு லாரி, ஒட்டினாற்போல். நான் சொல்வதை நிறுத்திவிட்டேன். கால் தானாக என் பக்கத்து பிரேக்கின் மேல் போய்விட்டது.

“காலை எடுங்க” என்றார் சிஸ்டர். பார்வையைத் திருப்பவே இல்லை. “உங்க கால் அதுல இருக்குன்னு தெரிஞ்சா எனக்கு ஓட்ட வராது. நீங்க அம்மாவுக்குச் சொல்லிட்டிருந்ததைச் சொல்லுங்க.”

எடுத்தேன். சொன்னேன். பச்சை விழுந்தது. கிளட்ச் கடிக்கிற இடத்துக்கு வந்தது, எனக்கே பாதத்தில் தெரிந்தது. ஹேண்ட் பிரேக் இறங்கியது. ஒரு அங்குலம் பின்னால் போகவில்லை. கார் பூனை மாதிரி ஏறியது.

வாசலில் தள்ளுகட்டிலோடு காத்திருந்தார்கள். தையலம்மாவை உள்ளே கொண்டுபோன பிறகு இரண்டு பேரும் காரிலேயே உட்கார்ந்திருந்தோம். சிஸ்டர் வண்டியை அணைக்கவே மறந்திருந்தார், அப்போதுதான் சாவியைத் திருப்பினார்.

“நீங்க சொன்னது எனக்குக் கேட்டுச்சு” என்றார்.

“நம்பிச் சொல்லலை சிஸ்டர்.”

“தெரியும். அதனாலதான் கேட்டுச்சு.”

ஏப்ரல் 19, ஞாயிறு

தையலம்மா தேறிவிட்டார். போய்ப் பார்த்தேன். எங்கள் இரண்டு பேரையும் பற்றி வார்டு பூராவும் சொல்லிச் சிரிக்கவைத்துக்கொண்டிருந்தார்.

“என்னைச் சொர்க்கத்துக்கே கூட்டிட்டுப் போயிருப்பாங்க ரெண்டு பேரும். ஒருத்திக்கு வழி தெரியும், வண்டி ஓட்டத் தெரியாது. இன்னொருத்திக்கு வண்டி ஓட்டத் தெரியும், அப்படி ஒரு ஊரே இல்லைங்கிறா.”

சிரித்துவிட்டு வந்தேன். ஆனால் மனதில் ஒன்று கிடந்து புரள்கிறது. நேற்று நான் பொய் சொன்னேனா? கரண்ட்காரரிடம் சொல்லலாமா, வேண்டாமா? வீட்டில் இவரிடம் கேட்டேன். அவர் ரொம்ப யோசிக்கவில்லை. “அவங்க பையை நீ தூக்கிட்டு வந்தே. பை உன்னோடதுன்னு யாரு சொன்னா?” என்றார். இருபது வருஷத்தில் இந்த மனுஷர் சொன்னதிலேயே உருப்படியானது இதுதான் என்று சொல்லி, அவருக்கும் ஒரு கப் காப்பி போட்டேன்.

கரண்ட்காரரிடமும் சொன்னேன். கொஞ்சம் தயங்கி, தனக்கும் பாதி தெரியும் என்றார். சனிக்கிழமைகளில் கேட்டது.

மே 5, செவ்வாய்

பாஸ்! மேட்டில் நின்று, எடுத்து, போய்க்கொண்டே இருந்தாராம். அதே பரீட்சை அதிகாரி. இறங்கி, நன்றாகச் சொல்லித்தந்திருக்கிறார்கள் என்றாராம். நானும் சிஸ்டரும் பயிற்சிப் பள்ளி வாசலில் நின்று இனிப்பு சாப்பிட்டோம். வங்கி அதிகாரிக்கும் கொடுத்தோம். அவர் இன்னும் “போகலாமா”விலேயே இருக்கிறார்.

வீட்டுக்கு வரும் வழியில்தான் உறைத்தது: இனி சிஸ்டருக்கு நாங்கள் வேண்டாம். அவர் முதல் நாளே சொன்னாரே, ஒளிவுமறைவு இல்லாமல்.

சரி. போகட்டும். வேன் ஓடினால் போதும். போதுமா? …போதும் என்று எழுதிவிட்டேன், இனி மாற்றக்கூடாது.

மே 8, வெள்ளி

மன்றக் கூட்டம். கரண்ட்காரரும் கூட வந்தார், ஏதாவது சொன்னால் பதில் சொல்ல. வழியெல்லாம் ஒத்திகை.

சிஸ்டர் எழுந்தார். தனக்கு உரிமம் வந்துவிட்டதைச் சொன்னார். கைதட்டினார்கள். இனி வெளியாட்கள் தேவையில்லை என்று இந்த அறையில் வந்து சொல்வதற்காகத்தான் கற்றுக்கொண்டேன் என்றார். கரண்ட்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார். சிஸ்டர் தொடர்ந்தார்:

“இந்த வாரம் வேன் ஓட்டிப் பார்த்தேன். நமக்குத் தேவைப்படுறது என்னன்னு இப்பத்தான் தெரியுது. இவங்க சொல்றது எனக்கு ஏற்புடையது இல்லை, எப்பவும் இருக்காது. ஆனா நம்ம ஊர்ல நோயாளியைத் தூக்கிட்டு ஓடுறவங்க எல்லாரும் ஒரே அறையில உட்காரணும். நாற்காலி போடுங்க.”

இமாம் குறிப்பெழுதச் சொல்லி, எங்களை எந்த மதத்தின் கீழ் எழுதுவது என்று கேட்டார்.

“அவங்க மதம் இல்லை” என்றார் சிஸ்டர்.

“நாங்க மதம் இல்லை” என்றார் கரண்ட்காரர். இரண்டும் ஒரே நேரத்தில்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டார்கள். பிறகு சிஸ்டர்தான் முதலில் சிரித்தார். குருக்கள் சிரித்த சிரிப்பில் மேசைக்கால் அட்டையிலிருந்து நழுவி, காப்பியெல்லாம் கொட்டிவிட்டது. கரண்ட்காரர் தன் ஒத்திகைப் பேச்சைப் பயன்படுத்த முடியாமல், வீடு வரும்வரை என்னிடம் பேசித் தீர்த்தார்.

ஜூன் 11, வியாழன்

சிஸ்டருக்கு மாற்றல் வந்திருக்கிறது. மடத்தில் அப்படித்தான், சொன்னால் போக வேண்டும். தூரத்து ஊர். மலைப்பாங்கான இடம் என்று அவரே சொல்லிச் சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்றைக்கு இவ்வளவுதான்.

ஜூன் 20, சனி

வழியனுப்பினோம். சாமானெல்லாம் மடத்து ஜீப்பில். சிஸ்டர் ஸ்டியரிங்கில், பக்கத்தில் ஒரு இளம் சிஸ்டர் ஜெபமாலையோடு. அதைப் பார்த்தால் அவருக்குத்தான் இன்றைக்கு வேலை அதிகம் போலிருந்தது. தையலம்மா தன் கையால் தைத்த சீட் உறை ஒன்றைக் கொடுத்தார். கரண்ட்காரர் நான்கு டயரிலும் காற்றைச் சோதித்துவிட்டு, வேறு ஒன்றும் சொல்லத் தெரியாமல் மறுபடியும் சோதித்தார்.

சிஸ்டர் என் கையைப் பிடித்து, உங்களுக்காக ஜெபிப்பேன், கோபித்துக்கொள்ளாதீர்கள் என்றார். கண்ணைத் திறந்துகொண்டு ஜெபித்தால் சரி என்றேன். ஜீப் ஒரு குலுக்கல் இல்லாமல் நகர்ந்தது. திருப்பத்தில் இண்டிகேட்டர் போட்டார். பிறகு அதை அணைக்க மறந்துவிட்டார். கண்ணுக்கு மறையும்வரை மினுக்கிக்கொண்டே போனது.

ஜூலை 3, வெள்ளி

மன்றத்துக்குப் புதுச் செயலாளர் வேண்டும். இமாம் சுற்றிப் பார்த்தார். எல்லோரும் மேசையைப் பார்த்தோம். தையலம்மா வயசில் மூத்தவர், அவரையே கேட்கலாம் என்று யாரோ சொன்னார்கள். அவர் வந்ததே வேன் நேரம் மாறியதைச் சொல்லத்தான். ஆனாலும் பையைக் கீழே வைத்துவிட்டு, வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் சும்மாதானே கிடக்கிறேன், போன் பேச நேரம் நிறைய இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். முதல் உத்தரவு: மேசைக்காலைச் சரிசெய்ய ஆள் பார்க்க வேண்டும். கரண்ட்காரர் கையில் திருப்புளி ஏற்கெனவே இருந்தது.

ஜூலை 19, ஞாயிறு

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண் அசந்த நேரத்தில் சிஸ்டர் போன். குரல் நன்றாக இருக்கிறது. அந்த ஊரில் எல்லாத் தெருவும் ஆஸ்பத்திரி மேடுதானாம். ஒருமுறைகூட வண்டி அணையவில்லையாம். பிறகு, சரி, ஒருமுறை, என்றார். தையலம்மாவைக் கேட்டார், இவரைக் கேட்டார், கரண்ட்காரரைக் கேட்டார்.

அங்கேயும் சிறுநீரக நோயாளிகள் இருக்கிறார்கள், பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிறார்கள். மடத்து ஜீப்பை வைத்து ஒரு ஏற்பாடு ஆரம்பித்திருக்கிறார். சர்ச், பள்ளிவாசல், கோயில் எல்லாம் ஏறி இறங்கிவிட்டாராம். எல்லோரும் நல்லவர்கள், எல்லோரும் ஆசீர்வாதம் தருகிறார்கள், ஒருவருக்கும் ஓட்டத் தெரியவில்லை.

கொஞ்சம் தயங்கினார்.

“ஏம்மா, உங்க ஆளுங்க யாராவது இந்தப் பக்கம் இருக்காங்களா?”